நான்கு விரற்கடை தாராளம்

தையற்கடை வைத்திருந்த அவளுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் பத்து நாளாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று பல் மருத்துவர் சொன்னது முதல், ஏதேனும் சாக்குச் சொல்லி அதனைத் தள்ளிப்போட்டே வந்தாள். உண்மைக் காரணம் அவள் ஒருத்திக்கே தெரியும். மணமாகி ஒன்பதாண்டுகள் கழிந்தபின், இம்மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. முன்பும் இருமுறை இவ்வாறு தள்ளிப்போய், வீடே மகிழ்ந்து, சில நாட்களில் வீடே வாயடைத்துப் போனதை அவள் மறக்கவில்லை. ஆதலால் இம்முறை கணவனிடங்கூட மூச்சு விடவில்லை.

கடைசியில் நாத்தனார்தான் அவளைப் பல் மருத்துவமனைக்குக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கன்னம் பந்து மாதிரி இருக்கு. அண்ணன் காலையில பார்த்துட்டு, யாரோ விருந்தாளின்னு நினைச்சிருக்கும்!"

"சிரிக்க வைக்காதே, வலிக்குது."

"அது சரி, பையில என்ன அண்ணி, செங்கல்லா? பல்லுக்குக் காட்ட வரும்போதும் கடையைத் தூக்கிட்டுத்தான் வரணுமா?"

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நாத்தனார் வெளியே அமர, எக்ஸ்ரே படம் எடுக்கும் பெண் அவளை மட்டும் உள்ளே அழைத்து ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

"கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?"

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். இம்முறை அச்சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல். உடனே பையைத் திறந்து, தடித்த கித்தான் துணியால் தைத்த மேலங்கி ஒன்றை எடுத்தாள். எட்டு மடிப்பு. கட்டம் கட்டமாக நெருக்கித் தைத்த தையல். இரண்டு நாள் மதியம் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு தைத்தது.

"இதைப் போட்டுக்கிட்டா கதிர் உள்ளே போகாதில்ல?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. துணியைத் தடவிப் பார்த்தாள்.

"எண்பது மடிப்பு வெச்சாலும் துணி அதைத் தடுக்காதும்மா. ஆனா பயப்பட வேண்டியதும் இல்ல. கதிர் இந்தக் குழாய் வழியா தாடைக்கு மட்டும்தான் வரும், வயித்துப் பக்கம் திரும்பாது. மண்ணுலேருந்தும் வானத்துலேருந்தும் தினம் நம்ம மேல படுற கதிர் இருக்கு பாருங்க, ஒரு நாளைக்கு அது எவ்வளவோ, இந்த ஒரு படத்துக்கு அதைவிடக் கம்மி."

"அப்போ நீங்க மட்டும் ஏன் சுவருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறீங்க?"

"நல்லாக் கேட்டீங்க! உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு. நான் தினம் முப்பது எடுக்கறேன், வருஷம் பூரா."

அவள் இன்னும் நாற்காலியில் அமரவில்லை.

"தேவையில்லாம நாங்களும் எடுக்க மாட்டோம்மா. ஆனா வேர்ல சீழ் கட்டியிருந்தா, அதை வளரவிடறதுதான் ஆபத்து. உங்க ரெண்டு பேருக்கும்."

இரண்டு பேர். ஒன்பதாண்டுகளில் அவளை எவரும் அவ்வாறு எண்ணிச் சொன்னதில்லை. அவள் அமர்ந்தாள்.

"வேணும்னா ஈய அங்கி தரேன். இப்பல்லாம் அதுவே அவசியமில்லங்கறாங்க."

"இதையே போட்டுக்கட்டுமா?"

"தாராளமா. படத்துக்கு ஒரு இடைஞ்சலும் இல்ல."

வாயினுள் சிறு தகட்டைக் கடித்தவாறு, அங்கியின்மேல் இரு கைகளையும் கோத்துக்கொண்டாள். ஒரு நொடிதான், மெல்லிய ஒலியொன்று கேட்டது, முடிந்தது. வேரின் அடியில் கருநிழல் தெரிவதாகவும், இன்றே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

சிகிச்சை முடிந்து அவள் மரத்த வாயோடு வந்தபோது, படம் எடுக்கும் பெண் முன்பே பையோடு கொடுத்துச் சென்ற அங்கியை நாத்தனார் விரித்துப் பிடித்திருந்தாள்.

"இது எந்த வாடிக்கைக்காரிக்கு அண்ணி? தோள் உங்க அளவுதான். வயித்துக்கிட்ட மட்டும் நாலு விரற்கடை தாராளமா விட்டு..."

சொல் பாதியில் நின்றது. நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"நானும் சொல்ல மாட்டேன்."

நாத்தனார் அங்கியைத் தையல் கலையாமல் மடித்துப் பையில் வைத்தாள். அவள் பையை வாங்கக் கையை நீட்டினாள். நாத்தனாரோ பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இனிமே கனத்தை நான் தூக்கறேன். நீங்க மெதுவா நடங்க."