வரைவில் இல்லாத வீடுகள்

1993-இல் தேசிய ஹைட்ரஜன் தொழில் திட்டத்தின் வரைவு தயாரானபோது, கிள்ளானில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையைப் பார்த்து வரும் வேலை கோமதிக்கு விழுந்தது. கோலாலம்பூரில், அரசாங்கத்தின் எரிசக்தித் திட்டப் பிரிவில் அவள் பொறியாளர். மார்ஜரினுக்காக எண்ணெயைக் கெட்டியாக்க அந்த ஆலை சொந்தமாக ஹைட்ரஜன் தயாரித்துக்கொண்டிருந்தது. அதை மூன்று மடங்காக்கி, நாட்டின் முதல் ஹைட்ரஜன் நிலையமாகக் காட்ட வேண்டும் என்பது மேலிடத்தின் ஆசை.

ஆலையில் கன்னையா காத்திருந்தார். இருபது வருடமாக அங்கே குழாய்களைப் பார்த்துக்கொள்பவர். நீளக் கம்பில் கட்டிய விளக்குமாறு ஒன்றைப் பிடித்திருந்தார்.

“எதுக்குண்ணே இது?”

“ஹைட்ரஜன் எரிஞ்சா வெயில்ல கண்ணுக்குத் தெரியாது, மிஸ். என் பின்னாலேயே வாங்க.”

விளக்குமாற்றை முன்னால் நீட்டியபடி குழாயோரமாக நடந்தார். கம்ப்ரஸர் பக்கத்தில், வெறும் காற்றில், குச்சிகளின் நுனி பற்றிக்கொண்டது. கோமதி பின்வாங்கினாள். கன்னையா வால்வை மூடிவிட்டு நெருப்பை மிதித்து அணைத்தார்.

“இந்த மாசம் இது நாலாவது. குழாயெல்லாம் பழசு. திட்டம் வரட்டும், அதுவரைக்கும் ஓட்டுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.”

புதிய ஹைட்ரஜன் தொட்டி வரப்போகும் இடத்தையும் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம், முப்பது மீட்டருக்குள், இருபத்திரண்டு பலகை வீடுகள். அவர் வீடும் அதில் ஒன்று. கோமதியிடம் இருந்த வரைபடத்தில் அங்கே எதுவுமே இல்லை.

குழாய்களை மாற்றி, குடும்பங்களுக்கு வேறு வீடு கொடுத்த பிறகுதான் விரிவாக்கம் என்று அவள் அறிக்கை எழுதினாள். மேலதிகாரி சபாபதி அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்தார்.

“அடுத்த வாரம் அமைச்சரவைக்குப் போகுது. இப்பப் போயி இதையெல்லாம் எழுதினா எப்படிலா?”

“ஆளுங்க இருக்காங்க, சார்.”

“நிலத்துக்குப் பட்டா, கிராண்ட் எதுவும் இல்லாத வீடுங்க. சட்டப்படி அங்க ஆளே இல்ல.”

அமைச்சரவையில் திட்டம் அப்படியே நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை கோமதி கிள்ளானுக்குப் போய், தொட்டி வந்தால் ஆபத்து என்று வீடு வீடாகச் சொன்னாள். கன்னையா வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு செமினி என்ற ஊருக்குப் போனார். இன்னும் இரண்டு குடும்பங்கள் கிளம்பின. ஆலை வாசலில் நாசி லெமாக் சோறு விற்ற இராஜம்மா அசையவில்லை.

“போன்னு சொல்றது சுலபம்மா. எங்க போறது? நீ கவர்மென்ட்டுதானே, ஒரு வீடு குடு. இன்னைக்கே போறேன்.”

கோமதி, இராஜம்மா கொடுத்த மைலோவைக் குடித்தாள். சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓட, தலைக்கு மேல் தகரக் கூரை விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்தவர்கள் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய தொட்டி வெடித்தது. பெரியவர்கள் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்ததால் செத்தவர்கள் நாலு பேர்தான். அதில் இராஜம்மாவும் ஒருத்தி.

விபத்தை விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். சபாபதி கோமதியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உன் பழைய அறிக்கை, காப்பி எதுவும் வச்சிருக்கியா? இருந்தா எங்கிட்ட குடுத்துடு. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“இல்ல, சார்.”

பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வீட்டில், புடவைகளுக்கு அடியில் அந்தக் காப்பி இருந்தது. மறுநாள் விசாரணைக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மிச்சம் இருந்த குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. சபாபதி பதவி உயர்வோடு வேறு பிரிவுக்குப் போனார். கோமதியை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். மாற்றல் கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை.

திட்டம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு பேப்பரில், இரண்டாவது நிலையம் சுங்கை பூலோ பக்கம் வருகிறது என்று போட்டிருந்தார்கள். கோமதி செமினியில் கன்னையாவுக்குப் போன் செய்து, அங்கேயும் வீடுகள் இருக்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டாள்.

“வரேன், மிஸ்,” என்றார் கன்னையா.

ஞாயிறு காலை இருவரும் பஸ்ஸில் சுங்கை பூலோ போய் இறங்கினார்கள். நிலையத்துக்காகப் போட்ட புதிய முள்வேலிக்கு அந்தப் பக்கம், கொடிகளில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள்.