செவ்வாயில் முழுக் கிரகணம்

...இரண்டா ஒன்றா, இவ்வளவுதான் விஷயம், மவுஸைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தால் தீர்ந்தது, அதற்குப் போய்க் கை ஏன் இப்படி வியர்க்கிறது, அதுவும் ஏசி பல்லைக் கிட்டவைக்கிற மாதிரி ஓடும்போது... கோளரங்கத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால், காட்சியை ஓட்டும் கன்சோலின் இருட்டில் அவள். முன்னால் மேடையில் அவர், அவள் கணவர், கோளரங்கத்தின் இயக்குநர், காலரில் மைக், குரலில் தேன். புதுக் காட்சிக்கு இன்று முதல் நாள், மற்ற கிரகங்களில் கிரகணம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி. அரங்கம் நிரம்பி வழிகிறது. மூன்றாவது வரிசையில் மகள், தோழிகள் புடைசூழ. போன வாரம் அந்தத் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருத்தி கேட்டாள், உங்கம்மாவும் அங்கதான் வேலை பாக்கறாங்களா என்று. "ஆமா, அம்மா லைட் போடுவாங்க" என்றது பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. லைட் போடுவாங்க. எந்த நிலாவின் நிழல் எந்தக் கிரகத்தில் எங்கே விழும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் இந்த லைட் போடுகிறவள்தான், சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள், விடு.

ஆனால் தப்பும் அவளுடையதுதானே. நிலாக்களை நிஜ அளவில் போட்டால் குவிமாடத்தில் புள்ளியாகத்தான் தெரியும், ஒத்திகையில் வேலை ஓடாது, அதனால் 'நிலா அளவு' என்கிற ஸ்லைடரை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றிவைத்துக்கொள்வார்கள், முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். அவருக்குப் போட்டுக்காட்டிய அன்றைக்கு இறக்க மறந்துபோனாள். செவ்வாயின் குட்டி நிலா போபோஸ் இரண்டு மடங்காக ஊதிப்போய்ச் சூரியனை முழுசாக விழுங்கியது. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கைதட்டினார், "இதுதான், இதுதான் கிளைமாக்ஸ்!" அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, நிஜத்தில் போபோஸ் சூரியனில் பாதிக்குச் சற்று மேல் அகலம்தான் இருக்கும், அது எப்படி மறைக்கும்? அதற்குள் போஸ்டர் அச்சுக்குப் போய்விட்டது, செவ்வாயில் முழுக் கிரகணம், இப்படிக் கொட்டை எழுத்தில். இன்று காலை அவர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மென்று விழுங்கிச் சொன்னாள். "நல்ல நாளும் அதுவுமா தலையில கல்லைத் தூக்கிப் போடாத," என்றார். "அங்க வர்றவன் எவன் ஸ்கேல் வச்சு அளக்கப் போறான்?" இல்லைங்க, பசங்க வர்றாங்க, தப்பாத்தானே கத்துக்குவாங்க... "இருட்டாகணும், அவ்வளவுதான். தப்பு உன்னோடது, நீ வாயை மூடிட்டு இரு."

குவிமாடத்தில் வியாழன் வந்துவிட்டது. விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. "வியாழன்ல நாலு பெரிய நிலாவுல எது வேணாலும் சூரியனை மறைச்சிடும்!" என்று அவர் முழங்கினார், அவள் எழுதிக்கொடுத்த வரிதான், ஏன் மறைக்கிறது என்கிற அடுத்த வரியை வழக்கம்போல் விழுங்கிவிட்டார். அங்கே சூரியன் அவ்வளவு சுருங்கிக் கிடக்கிறது, அதனால். சுருங்கிக் கிடந்தால் எவன் வேண்டுமானாலும் மறைப்பான்... கல்லூரியில் யார் முதல் மதிப்பெண்? இவர் கிரகணக் கணக்கில் நிழலின் கூம்பைத் தலைகீழாகப் போட்டு வந்து நின்றவர், அவள்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள், மறைப்பதற்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும் என்று. அதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் வேலைக்கு இரண்டு பேருக்கும்தான் நேர்காணல் வந்தது. "புருஷனும் பொண்டாட்டியும் போட்டி போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். நல்லா இருக்காதுதான். அவள் போகவில்லை. யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லையே, ஏன் போகவில்லை? அடுத்து புளூட்டோவும் அதன் நிலா சாரோனும், ஒன்றுக்கொன்று எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறவை, ஒன்றின் முதுகை மற்றது பார்த்ததே கிடையாது. மகள் தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய். செம்மண் தரை விரிந்தது, சூரியன் மேலேறியது. "இப்ப மூச்சைப் பிடிச்சுக்குங்க," என்றார் அவர், "பட்டப்பகல்ல, கண்ணெதிர்ல, சூரியன் காணாமப் போகப்போகுது!" இரண்டா ஒன்றா. பெண்ணுக்கு முன்னால் அப்பாவின் மூக்கு உடைய வேண்டுமா? உடையட்டுமே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. இழுத்தாள். ஒன்று. ஓரத்திலிருந்து போபோஸ் உருண்டு வந்தது, உருளைக்கிழங்கு மாதிரி, கோணல்மாணலாக, சூரியனில் பாதியைக் கொஞ்சம் தாண்டின அகலத்தில், குறுக்கே விறுவிறுவென்று ஓடி மறுபக்கம் இறங்கிவிட்டது. தரையில் வெயில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். அவர் குரல் நின்றுபோனது. அந்த நிசப்தம், ஐயோ, எத்தனை வருஷத்துப் பசிக்கு... அவளுக்குச் சந்தோஷம்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

"ஏமாந்துட்டீங்களா?"

அவர்தான். குரலில் ஒரு கீறல் இல்லை. "போஸ்டர்ல முழுக் கிரகணம்னு போட்டதே உங்களை ஏமாத்தத்தான்! எல்லா நிலாவாலயும் எல்லாச் சூரியனையும் மறைச்சிட முடியாது, இதைக் காட்டத்தானே உங்களை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்!" அரங்கம் ஒரு கணம் திகைத்தது, பிறகு கைதட்டல், விசில்கூட. மகள் எழுந்து நின்று தோழிகள் பக்கம் திரும்பித் தட்டினாள், அவள் முகம் பூரித்திருந்தது. போச்சு, இதுவும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது, மனுஷனுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, எப்படித்தான் முடிகிறதோ... மகளின் முகம் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, எப்படி? காட்சி இருட்டில் முடிய வேண்டும், எழுதினவள் அவள், இந்த இடத்தில் லைட் கிடையாது. ஆனால் மேடையில் அவர் மேல் வட்டமாக வெளிச்சம் விழுந்து முதல் மூன்று வரிசை வரை சிதறிக்கொண்டிருந்தது, அவர் வாயைத் திறந்த நொடியிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஸ்பாட் லைட்டின் குமிழ்மேல் தன் இடது கை இருந்தது. யாரும் போடச் சொல்லவில்லை.