துரையின் நாக்கு

ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்தப் பெரிய சலவை நிலையத்தில் அவளை எல்லாரும் ‘ரோலர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். துவைத்து உலர்ந்து வரும் கம்பளிப் போர்வைகளில் ஒட்டியிருக்கும் முடி, பஞ்சு, நூல் பிசிறு எல்லாவற்றையும் வழித்தெடுக்க ஒரு இரும்பு ரோலர் சுழலும். அதன் மேல் முழுக்க ஊசி ஊசியாகக் கம்பிப் பற்கள். இருபது நிமிடம் ஓடினால் போதும், பற்களுக்குள் முடி சிக்கி, ரோலர் கரடிக்குட்டி மாதிரி ஆகிவிடும். அக்கா மெஷினை நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாகப் பிய்த்தெடுப்பாள். கையுறையைத் தாண்டியும் கம்பி குத்தும்.

அந்த மெஷினைச் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தபோது அக்கா புகார் எதுவும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினாள். ஏழு விரல்களில் பிளாஸ்திரி.

“மிச்சம் மூணு எப்படித் தப்பிச்சுது?” என்று கேட்டாள் இன்ஜினியர்.

“அதுங்களுக்கு இன்னும் முறை வரல.”

இன்ஜினியருக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. அந்த வேகத்தில், “ஒரு மாசம் குடுங்கக்கா, தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற ரோலரோட வரேன்” என்று சொல்லிவிட்டாள். பஸ் ஏறியதுமே, ஏன்தான் வாயைக் கொடுத்தோமோ என்றாகிவிட்டது.

பற்களைக் குறைத்துப் பார்த்தாள், முடி வரவில்லை. கூட்டிப் பார்த்தாள்; வந்த முடி போகவில்லை. காற்றடித்துப் பார்த்தபோது பஞ்சு பட்டறை முழுக்கப் பறந்து மேனேஜரின் மீசையில் போய் உட்கார்ந்ததுதான் கண்ட பலன்.

மூன்றாவது வாரம் அவளுடைய நாத்தனார், பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போகிறேன் என்று தன் பூனையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். பூனைக்குப் பெயர் துரை. பெயருக்கேற்ற நடை. வந்த அன்றைக்கே வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டது. இன்ஜினியருக்குப் பூனை என்றாலே ஆகாது. பத்து நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சாப்பாட்டு மேஜையில் வரைபடங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரை கேட்காமல் கொள்ளாமல் மடியில் ஏறி, அவளுடைய பழைய கம்பளிச் சால்வையை நக்க ஆரம்பித்தது. சரக், சரக் என்று சத்தம். நடுவில் அவள் மணிக்கட்டையும் ஒரு நக்கு நக்கியது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. தள்ளிவிடத் தூக்கிய கையை அப்படியே நிறுத்தினாள்.

நக்கிய இடத்தில் சால்வை வழித்து விட்டதுபோல் இருந்தது. அத்தனை பிசிறும் துரையின் நாக்கில். அது வாயை மூடி இரண்டு முறை விழுங்கியது. மறுபடி நாக்கு வெளியே வந்தபோது ஒரு நூல்கூட இல்லை.

“இவன் நாக்கு மட்டும் ஏன் சிக்கிக்க மாட்டேங்குது?” என்றாள் கணவனிடம்.

அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். “வாயைத் திறந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது” என்றான் பேப்பரை மடித்தபடி.

சொல்வது சுலபம். துரை வாயைத் திறக்கவில்லை, நகத்தைத்தான் காட்டியது. கடைசியில் வாத்தியாருக்கே ஒரு வழி தோன்றியது. சாப்பாட்டு மேஜையின் மேல்பலகை கண்ணாடி. அதில் மெல்லிசாக வெண்ணெய் தடவி, துரையை மேலே ஏற்றி விட்டான். இன்ஜினியர் கைப்பேசியோடு மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். அவன் டார்ச் அடித்தான். அந்த நேரம் பார்த்து நாத்தனார் அவன் கைப்பேசிக்கு வீடியோவில் அழைத்தாள்.

“அண்ணி எங்கண்ணா?”

“மேஜைக்கு அடியில.”

“அடியிலயா? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. துரை நாக்கைக் காட்டுறாரு, உன் அண்ணி படம் எடுத்துக்கிட்டிருக்கா.”

“நான் வேணா நாளைக்கே வந்துடவா?” என்றாள் நாத்தனார்.

படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நாக்கு முழுக்கக் குட்டிக் குட்டிக் கொக்கிகள். எல்லாம் தொண்டைப் பக்கமே சாய்ந்திருந்தன. நாக்கை உள்ளே இழுக்கும்போது முடியைப் பிடித்துக்கொள்கின்றன. விழுங்கும்போது சாய்ந்த பக்கமாகவே முடி வழுக்கிப் போய்விடுகிறது. அதோடு கொக்கிகள் நட்டிருப்பது மெத்தென்ற சதையில்; அதனால் வளைந்து கொடுக்கின்றன. அவளுடைய பற்களோ இரும்பில் விறைப்பாக நிற்பவை, எந்தப் பக்கமும் சாயாதவை.

மறுநாளே மிருதுவான ரப்பர் விரிப்பில் சாய்ந்த முட்கள் வைத்து வரைந்து பட்டறைக்குக் கொண்டுபோனாள். மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு பெரிய நாக்குன்னா, மேடம், பூனைய எங்க நிறுத்துறது?” என்று கேட்டார். கேலி செய்தாரே தவிர, நான்கே நாளில் அச்சு வார்த்துக் கொடுத்துவிட்டார்.

புது ரோலரைச் சலவை நிலையத்தில் மாட்டினார்கள். முன்பக்கம் சுழன்றபோது போர்வையிலிருந்து முடி பிரமாதமாக வந்தது. பின்பக்கம் சுழற்றினால், எதிரே பொருத்திய பட்டையில் உரசி, வந்த முடியெல்லாம் கழன்று விழ வேண்டும். விழவில்லை. பஞ்சு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அதே கதைதான். இன்ஜினியரின் முகம் தொங்கிப்போயிற்று.

அக்கா இடுப்பில் கை வைத்து ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூனைக் கதையை அவளிடம் காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

“அந்தத் துரையோட நாக்கு காஞ்சிருக்குமா, ஈரமா இருக்குமா?”

“ஈரமாத்தான் இருக்கும்.”

“உங்க நாக்கு வறண்டு கெடக்குதே.”

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டாள். காய்ந்த ரப்பர் கம்பளியில் உரச உரச நிலைமின்சாரம் ஏறும். பஞ்சு பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? படித்த பாடம்தான், ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குள் அக்கா இஸ்திரிப் பகுதிக்குப் போய்த் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து வந்துவிட்டாள். நாலு முறை பீய்ச்சினாள். “இப்ப பின்னால சுத்துங்க.”

முடியும் பஞ்சும் தோல் உரிகிற மாதிரி ஒரே படலமாகக் கழன்று தட்டில் விழுந்தது. அக்கா அதை இரண்டு விரலால் தூக்கி, தோளில் துண்டு போல் போட்டுக்கொண்டு நாலு அடி நடந்து காட்டினாள். மடிக்கும் மேஜையிலிருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ரோலருக்குப் பக்கத்தில் பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் மெல்லிய குழாய் ஒன்றை இன்ஜினியர் பொருத்தினாள். நாத்தனார் வந்து துரையைக் கூட்டிப்போனாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி அறிக்கையில் ‘யோசனை தந்தவர்கள்’ என்ற இடத்தில் பூனையையும் அக்காவையும் எழுதியிருந்ததைப் பார்த்து மேனேஜர், “பூனைய எடுத்துடலாமே, படிக்கிறவங்க சிரிப்பாங்க” என்றார்.

“சிரிக்கட்டும் சார். அக்காவை மட்டும் எடுத்துடாதீங்க.”

இரண்டு பெயருமே இருந்தன. அந்த அறிக்கையைப் படித்த இன்னும் இரண்டு சலவை நிலையங்கள் ரோலர் கேட்டன. ஓட்டிக் காட்டுவதற்கு அக்காவையே அனுப்பினார்கள். முதல் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் குறிப்பேடும் கையுமாக நின்றார்கள். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டாள்.

“யார் வீட்டுலல்லாம் பூனை இருக்கு?”

ஒருத்தி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். “எங்க வீட்டுல நாய்தான்கா.”

“பரவால்ல, அதுவும் எதுக்காவது ஆகும். நீ வந்து இந்தக் குழாயைத் திற” என்றாள் அக்கா.