நெஞ்சை வைத்தால் திறக்கும்

அந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்குச் சாவி தேவைப்படவில்லை. பூட்டில் நெஞ்சை வைத்து மூச்சை அடக்கினால் போதும். உள்ளே நாலு இடி இடிக்கும், பூட்டு வாயைப் பிளந்துவிடும். மூன்று தலைமுறையாகப் பூட்டுக் கடை ஓடியதே அந்த இடியில்தான். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் கடை ஷட்டரில் நெஞ்சை வைக்கச் சொல்வார்கள். திறந்தால் முன்னால் நாற்காலி, திறக்காவிட்டால் மூலையில் உட்கார்ந்து சாவி ராவ ஓர் அரம். இப்போது கடை நடத்தும் அண்ணனுக்குத் திறந்தது. தங்கைக்குத் திறக்கவில்லை, அன்றைக்கு அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், பெண்ணுக்கு 'அரம்' என்றே பேர் நிலைத்தது. திறந்தவர்கள் ஏனோ நாற்பதைத் தாண்டவில்லை. தாத்தா மாடிப்படியில் போனார், அத்தை பஸ்ஸுக்கு ஓடும்போது, அப்பா ஒரு பீரோவில் சாய்ந்தபடியே. திறமைசாலிக்குக் கண்ணு படும் என்று தெருவே சொன்னது. குடும்பமும் பெருமையாகத் தலையாட்டியது.

அண்ணனுக்கு முப்பத்தெட்டில் தலை சுற்றியது. டாக்டரம்மாவின் அறைக்குள் அவன் நுழைந்ததும் மருந்து அலமாரி, மேஜை டிராயர், ஆள் உள்ளே இருந்த கழிவறை எல்லாம் திறந்துகொண்டன. அவர் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு ஸ்கேனைப் பார்த்தார். "இதயத் தசை தடிச்சிருக்கு. பரம்பரையா வர்றது. மரபணுவுல ஒரே ஒரு எழுத்துப் பிழை. உங்க பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாரம் தூக்காதீங்க, மாத்திரையை விடாதீங்க."

மாத்திரையில் இடி அடங்கியது. அதோடு பூட்டுகளும் அசையவில்லை. கடை மானம் போகிறதே என்று அண்ணன் மாத்திரையை வாசல் தொட்டிச் செடிக்குப் போட ஆரம்பித்தான். செடி புயலிலும் பதறாமல் வளர்ந்தது.

"செடிக்கா அண்ணா நெஞ்சு வலி?" என்றாள் அரம்.

"திறக்கத் தெரியாதவ பேசாதே."

"எனக்கு நேரமாகும். ஆனா திறந்த பிறகும் நான் நின்னுக்கிட்டிருப்பேன்ல?"

அவன் அதே தெருவில், மூன்றாவது மாடியில் ஓர் இரும்புப் பெட்டி திறக்கப் போனான். படியேறி, அறைக்குள் போய், பெட்டியில் நெஞ்சை வைத்ததும் இதயம் நின்றது. அந்தக் கணமே தெருவிலிருந்த பூட்டுகள் எல்லாம் சாத்திக்கொண்டன; சைக்கிள்கள், தபால் பெட்டிகள், சலூன் கதவு, அவன் கிடந்த அறையும்தான். வீட்டுக்காரர் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடையில் பூட்டுகள் தானாகப் பூட்டிக்கொண்டதைக் கண்ட அரம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பூட்டு வேலைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இத்தனை வருஷம் மூலையில் பூட்டோடு பழகிய கை கதவைத் திறந்தது. திறந்த கையோடு அண்ணன் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள், ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை நிறுத்தவில்லை. அவர்கள் கொண்டுவந்த கருவி ஒரு ஷாக் கொடுத்தது. முதலில் பெட்டி திறந்தது, பிறகு தெரு, கடைசியாக அண்ணன் கண்.

இப்போது அவன் தோளுக்குக் கீழே, தோலுக்குள், இதயம் தடுமாறினால் ஷாக் கொடுக்க ஒரு குட்டிக் கருவி இருக்கிறது. மாத்திரையைத் தங்கை எதிரில்தான் விழுங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரத்தமும் பார்த்தார்கள், ஷட்டரிலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னன. மகளுக்குத் திறந்தது, அவளுக்கு வருஷா வருஷம் டாக்டரம்மா. மகனுக்குத் திறக்கவில்லை, அந்தக் குடும்பத்தில் முதல்முறையாக அதற்குக் கை தட்டினார்கள்.

எப்போதாவது அந்தக் கருவி உள்ளே ஓர் உதை விடும். தெருவின் பூட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். சலூன்காரர் எட்டிப் பார்த்து, "ஆள் இருக்காரா?" என்பார். "இருக்காரு" என்பாள் அரம். எல்லோரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.