கூண்டு கழுவியவரின் வருத்தம்

வாய்க்கரிசி எடுக்கப்போன மகளைப் புஷ்பவதி பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாவைத் தொடாத."

"ஏன், அம்மா?" என்றாள் பிரணவி.

மவுண்ட் ரோஸ்கில் ஈமச்சடங்கு மண்டபத்தில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே அவளுடைய கணவர் மகேசன், வேட்டியோடு, பாதியாய் மெலிந்து. எலும்புப் புற்றுநோய்.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவியவர். அங்கே எலிகளுக்கும் எலும்புப் புற்றுநோய்தான். கட்டிக்குப் புது இரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கிற மரபணுவை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்களாம். இரத்தம் போகாவிட்டால் கட்டி பட்டினியில் சுருங்குமாம். சாப்பிடும்போது சொல்லுவார். பிறகு அதே எலும்பு வருத்தம் அவருக்கும் வந்தது. எலியிடமிருந்து தொற்றியதா என்று புஷ்பவதி கேட்க, டொக்டரும் சிரித்தார், அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையைத் தனியே கழுவினாள். மகளை அவர் கட்டிலில் இருக்க விடவில்லை. அவர் கண்டுகொண்டார்.

அவரோடு ஒரே தொட்டியில் கூண்டு கழுவிய மதுரைக்காரன் ராகேஷ் காலையிலேயே வந்திருந்தான். அவனையும் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"தொத்தாதுக்கா. மனுஷங்க கட்டியில இருந்து எடுத்துத்தான் எலிக்கே வைக்கிறாங்க. எலிகிட்ட இருந்து நமக்கு வராது."

அங்கே சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்லுவான் என்று அவள் நினைத்தாள்.

இப்போது அவன் அரிசி போடுகிற வரிசையில் நின்றான். அவன் ஊரில் வந்தவர் எல்லாரும் போடுவார்கள் போல. மச்சாள் குணவதி காதுக்குள் சொன்னாள்:

"உவர் ஆரடி? சொந்தக்காரர் போடுறதெல்லோ. மறி."

புஷ்பவதி மறிக்கவில்லை. அவனுடைய கையையே பார்த்தாள். தூர நின்று எறிகிறானா பார்ப்போம்.

ராகேஷ் நன்றாகக் குனிந்து உதட்டில் அரிசியை வைத்தான். அது சரிந்து மீசைக்குள் போனது. விரலாலேயே பொறுக்கி மறுபடி வைத்தான். நிமிர்ந்து, அதே விரல்களால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

புஷ்பவதி மகளின் கையை விட்டாள்.

"போ பிள்ளை," என்றாள் மகளிடம். "வடிவாய்ப் போடு."

கடைசியாக அவளும் போனாள். கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். சவரம் செய்த கன்னம் ஈரச் சீமெந்துபோல் குளிர்ந்தது. ஐயர் ஒருதரம் செருமினார். பெட்டியை மூட வந்த வெள்ளைக்காரர் மூடியைப் பிடித்தபடி நின்றார்.

அவள் கையை எடுக்கவில்லை.