மேல்வீட்டுக்காரி

கட்டடம் கட்டும் எங்கள் சைட்டில் எனக்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். வந்த புதிதில் நான் கிரேன் ஓட்ட ஏணியில் ஏறுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் கையில் டீயோடு நிற்கும். போகப் போக அலுத்துப்போய், மேல்வீட்டுக்காரி வந்தாச்சா, மேல்வீட்டுக்காரி சாப்பிட்டாச்சா என்று ஆனது. கீழே நின்று எனக்கு சிக்னல் சொல்கிறவருக்குத் தன்னாலேயே கீழ்வீட்டுக்காரர் என்று ஒட்டிக்கொண்டது. நாங்கள் ஒருவரையொருவர் ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்பே ஊரார் எங்களுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மேலே என்ன இருக்கிறது என்று அம்மா அடிக்கடி கேட்பாள். ஒரு நாற்காலி இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி. இடது கை சுற்றும், வலது கை தூக்கும், இறக்கும். முன்னால் கண்ணாடி, காலடியிலும் கண்ணாடி. வெயில் காலத்தில் வெந்து போவேன், மழைக்காலத்தில் கூரை ஓயாமல் தடதடக்கும். ஆனாலும் அங்கே உட்கார்ந்து, ஒரு லாரி எடையுள்ள இரும்பைக் கொக்கியில் தூக்கி, ஐந்து மாடிக்கு மேல் நிற்கிற ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் ஆடாமல் அசையாமல் இறக்கி வைக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன். எந்த மனிதரிடமும் வந்ததில்லை.

கட்டடம் வளர வளர, அதன் பின்பக்கம் எனக்குத் தெரியாமல் போகும். அங்கே சுமையை இறக்கும்போது கண் என்னுடையது இல்லை, கீழ்வீட்டுக்காரருடையது. அவர் வாக்கி டாக்கியில் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குரல் நின்றால் என் கையும் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். அவர் மயங்கி விழுந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், காரணம் எதுவானாலும் பேச்சு நின்றால் சுமை நிற்கும். அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் வேறு பேச்சு கூடவே கூடாது. தும்மினால்கூடத் திட்டு விழும்.

நாலு வருஷம் அந்தக் குரலை நம்பிக் கை அசைத்தேன். ஒரு தரம்கூடப் பிசகியதில்லை. முகத்தைப் பார்த்து மயங்குகிற வயசெல்லாம் தாண்டி முப்பத்தைந்தில் நான் மயங்கியது அந்தக் குரலில்தான். அவருக்கு முப்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவர் கேட்டது ஒரு பஸ் நிறுத்தத்தில், என் பஸ் வந்து நின்ற பிறகு. யோசிக்கக்கூட நேரம் கொடுக்காமல் கேட்ட அந்தச் சாமர்த்தியத்தை அப்போது ரசித்தேன். சரி என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே கிரேனில் மேலும் கீழுமாக வேலை செய்யக் கூடாது. வீட்டில் நடக்கிற சண்டை கொக்கிக்கு வந்துவிடும் என்று பயம். அவர் வேறு சைட்டுக்கு மாற்றிக்கொள்வார் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். அவர் வேறு கணக்கு வைத்திருந்தார்.

"ரெண்டு பேருமே விட்டுடலாம்" என்றார். "விடியறதுக்கு முன்னாடி கிளம்பி இருட்டினப்புறம் வர்ற பொழப்புல வீடுன்னு ஒண்ணு இருக்குமா? இரும்புச் சாமான் கடை ஒண்ணு போடலாம். குழந்தை குட்டின்னு ஆனா நீ ஏணி ஏற முடியுமா சொல்லு."

"நீங்களும் விட்டுடுவீங்களா?"

"நான் மட்டும் எதுக்கு? நீ மேல இல்லாம நான் கீழ நின்னு யாருக்குச் சொல்றது?"

இந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். ஆறு மாதம் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு இடம் பார்க்கப் போகிறேன் என்று அவர் போவார். நான் வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் அர்ச்சனையைக் கேட்பேன்.

"உன் வயசுல எனக்கு நீ ஸ்கூல் போயிட்டிருந்த" என்பாள் அம்மா. "ஆகாசத்துல உக்காந்து யாருக்குடி காவல் காக்கறே?"

தம்பி இன்னும் மேலே போவான். "அக்கா, அந்த கிரேனையே கட்டிக்கயேன். செலவாவது மிச்சம்."

சிரித்துத் தொலைத்தேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. குழந்தை வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. காலம் எனக்காகக் காத்திருக்காது என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். ஒரு கையில் குடும்பம், ஒரு கையில் கைப்பிடி. இரண்டு பேரும்தானே விடுகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைசி வாரம். திங்கட்கிழமை காலையில் ஏணிக்கு அடியில் சூப்பர்வைசர் நின்றார். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் பேப்பர் என் மேசைலதான் கிடக்கும்மா. மனசு மாறினா சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன். நீ இருந்தா எனக்கு நிம்மதி. இல்லேன்னாலும் என்ன, கிரேன் சீட்டு உங்க வீட்டை விட்டு எங்க போகுது?"

"புரியல சார்."

"அதான், உன் வீட்டுக்காரர் ஆகப்போறவர் வர்றாரே மேல. கிரேன் ஓட்டற பரீட்சை பாஸ் பண்ணி மூணு மாசம் ஆச்சே. ஞாயித்துக்கிழமை வகுப்புக்கெல்லாம் ஒழுங்கா போயிட்டு வந்தாரு பாவம்."

என் முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. "உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்று முனகிவிட்டு நகர்ந்தார்.

அப்போதே திரும்பிப் போய் அந்தப் பேப்பரைக் கிழிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று தோன்றியது. நாலு வருஷம் அந்தக் குரலைக் கேட்டுத்தானே எல்லாம் செய்தேன். இந்த முடிவுக்கும் அந்தக் குரலே வேண்டியிருந்தது எனக்கு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

மதியம் வரை தாங்கவில்லை. பின்பக்கத்துக்கு ஒரு கம்பிக்கட்டு போக வேண்டியிருந்தது. நீளக் கம்பிகள், காற்றும் கொஞ்சம் இருந்தது. கட்டடத்தைத் தாண்டிச் சுமை மறைந்ததும் அவர் ஆரம்பித்தார். "இறக்கு, இறக்கு, இறக்கு." அதே குரல். ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒருவரால் எப்படிப் பேச முடிகிறது?

பொத்தானை அமுக்கினேன்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க கடை பாக்கத்தான் போனீங்களா?"

குரல் நின்றது. என் கை நின்றது. சுமை நின்றது.

சைட்டில் யார் யார் இடுப்பில் வாக்கி டாக்கி இருந்ததோ அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். கான்கிரீட் கலக்கும் எந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள். நான் காத்திருந்தேன். போனேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அல்லது வேலையைப் பார் என்று திட்டியிருக்கலாம். மனுஷன் மூச்சு விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் நின்றது அன்றுதான், எனக்கு அதுவே பதிலாகவும் போனது.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் காற்றுக்கு அதைப் பற்றி அக்கறையில்லை. தொங்கிக்கொண்டிருந்த கம்பிக்கட்டு மெல்லச் சுழன்று சாரத்தில் இடித்தது. பலகைகள் உடைந்து சரிகிற சத்தம் மேலே வரை கேட்டது. அதற்கப்புறம் யாரோ ஒருவர் அவர் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கி "தூக்கு, தூக்கு, தூக்கு" என்று கத்த, நான் தூக்கினேன். கம்பிக்கட்டை முன்பக்கம் இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கி வந்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் பேசினார். "இனிமே கிழிக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா. நீயா விட்டுட்டுப் போறேன்னு எழுதிக் கொடுத்ததே நல்லதாப் போச்சு. இல்லேன்னா நான் எழுத வேண்டியிருக்கும்."

சுமை தொங்கும்போது சொந்தக் கதை பேசிய ஓட்டுநரை எவனும் வைத்துக்கொள்ள மாட்டான். பேசாமல் நின்ற சிக்னல்காரரை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்றார், எழுதிக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர் ஏணி ஏறினார்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். 

"கடை போடலாம்னு சொன்னது நிஜமாத்தான் சொன்னேன்" என்றார். "பரீட்சை சும்மா எழுதிப் பாத்தேன். நாலு வருஷமா அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கறேன், ஒரு தடவையாவது அங்க உக்காரணும்னு எனக்கு இருக்காதா? நீ விடற சீட்டுதானே. எவனோ ஒருத்தன் உக்கார்றதுக்கு நான் உக்காந்தா என்ன தப்பு?"

"நான் விட்டது நீங்களும் விடறேன்னு சொன்னதால."

"சரி, இப்பதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே. உனக்கும் வேலை இல்ல, ஒரே கிரேன்ங்கற பிரச்சினையும் இல்ல. கல்யாணத்தைக் குறிச்ச தேதியிலயே வச்சுக்கலாம். இனி என்ன தடை?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அறையலாம் போல இருந்தது. அவர் முகத்தில் ஒரு வாரத்து வெயில் ஏறியிருந்தது. அந்தக் கறுப்பு எப்படி வருகிறது, கண்ணாடி வழியாக எந்தக் கன்னத்தில் முதலில் படிகிறது என்று எனக்குத்தானே தெரியும். அவர் மேல் வைத்திருந்த ஆசை எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தேன், பொறாமைதான் கைக்குக் கிடைத்தது.

"கல்யாணம் வேணாம்" என்றேன். "வேற யாரையாவது பாருங்க. போயிட்டு வாங்க."

அவர் கெஞ்சவில்லை. சண்டை போடவும் இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். மாட்டியவர் போகாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "பின்பக்கம் இறக்கறப்ப, கூரையைத் தாண்டினதும் காத்து திரும்புது. சுமை ஆட ஆரம்பிச்சுடுது. நான் எதிர்ப்பக்கம் இழுக்கறேன், இன்னும் அதிகமா ஆடுது. நேத்து ரெண்டு பசங்க தலைக்கு மேல போயிடுச்சு. நீ என்ன பண்ணுவ?"

கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் என்னோடு தினம் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்த அத்தனை பேரும் அங்கே கீழே நிற்கிறார்கள்.

"எதிர்ப்பக்கம் இழுக்காதீங்க" என்றேன். "அது போற பக்கமே பின்னாடி போங்க. அது அந்தக் கோடிக்குப் போய் நிக்கற நேரத்துல நீங்க அதுக்கு மேல இருக்கணும். அவசரப்படக் கூடாது. கையைக் கொடுங்க."

அவர் கையை நீட்டினார். இல்லாத கைப்பிடியில் அவர் விரல்களை வைத்து எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்று காட்டினேன். தப்பாகச் செய்தார், திட்டினேன். மறுபடி செய்தார். சரியாக வரும்வரை விடவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். என் கை அவர் கைமேல் இருந்ததைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, இரண்டு டம்ளர் டீ எடுத்துவர உள்ளே ஓடினாள்.