கமேயா, பினோவா?

மதுவந்தி தி. நகரில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊழியர்களுக்கான ஒயின் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஜெயிப்பவருக்கு பிரான்ஸில் பயிற்சி. அவளோடு மிஞ்சியிருந்தது சிநேகிதன் சுஹாஸ் மட்டும்தான்.

புட்டியைத் துணியால் சுற்றி மறைத்திருப்பார்கள். ஒயினைப் பார்த்து, முகர்ந்து, வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, என்ன திராட்சை என்று எழுத வேண்டும். இந்தத் துப்புதலை நம்பித்தான் மயிலாப்பூரில் அம்மா சூடாமணி மகளை இந்த வேலைக்கே விட்டிருந்தாள்.

கடைசிக் கோப்பை வந்தது. சிவப்பு ஒயின்தான், ஆனால் கோப்பைக்குப் பின்னால் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு வெளிர் நிறம். நாக்கை இழுக்கும் துவர்ப்பு இல்லை, புளிப்பு மட்டும் சுறுக்கென்றது. இத்தனை லேசாக இருந்தால் பினோ நுவார் திராட்சைதான் என்று பேனாவை எடுத்துவிட்டாள். எதற்கும் இன்னொரு தடவை முகர்ந்தாள். வாழைப்பழம்! நன்றாகக் கனிந்த வாழைப்பழம்.

பக்கத்தில் பழத்தட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கோப்பையோடு ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கேயும் அதே வாசனை. வெளிச்சத்தில் சாய்த்தபோது விளிம்பில் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது.

"சுஹாஸ், உனக்கு வாழைப்பழ வாசனை வரதா?"

"குழப்பப் பாக்கறியா? போடி, உனக்குப் பசி."

கமே திராட்சையைக் கொத்தோடு நொதிக்கவிட்டால் அப்படி மணக்கும், விளிம்பும் அந்த நிறம் காட்டும் என்று அவள் படித்ததோடு சரி, குடித்துப் பார்த்ததில்லை. 'கமே' என்று எழுதிக் கொடுத்தாள். சுஹாஸ் பினோ நுவார் என்று எழுதினான்.

மேலாளர் பத்ரிநாராயணன் துணியைப் பிரித்து, புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். "கமே!"

சுஹாஸ் தன் கோப்பையை அவசரமாக எடுத்து மறுபடி முகர்ந்தான். "அட, பழக்கடையே உள்ள இருக்கு! நீ சொன்னே, நான்தான் கேக்கலை" என்று சிரித்தபடி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். சாயந்திரம் தன் ஸ்கூட்டரில் அவளை வீட்டில் கொண்டுவந்தும் விட்டான்.

விஷயம் கேட்டு சூடாமணிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கவலையும் வந்துவிட்டது. "அங்க குளிருமேடி! நம்மாத்துல யார்கிட்ட ஸ்வெட்டர் இருக்கு?"

"எங்க அண்ணா டெல்லில வாங்கினது இருக்கு மாமி" என்றான் சுஹாஸ்.

மறுநாளே கொண்டுவந்தான். முழங்கால்வரை தொங்கியது. அந்த மே மாத வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க மதுவந்தி கூடத்தில் ஒரு சுற்று நடந்து காட்டினாள்.